எழுவைதீவைக் காணேல்லை

முந்தநாள் சரஸ்வதி பூசைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றிவந்தேன். தையல் மெசின், தேங்காய்த் திருவலை, மண்வெட்டி, என்னுடைய பழைய சைக்கிள், மனிசியின் மூக்குக்கண்ணாடிக் கூடு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கொழும்பிலிருந்து லீவில் வந்து நிற்கிற பெறாமகனின் மடிக்கணினி ஒன்று மேசையில் திறந்தபடி கிடந்தது. அதற்கு மட்டும் ஏன் குறை வைப்பான் என்று மோதிரவிரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு கிட்டப் போனேன். குசினிக்குள் தோசை தின்றுகொண்டிருந்தவன் பாய்ந்து வந்தான். அடுப்பில் கை வைக்கப் போன குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கிவிட்டான்.

"சித்தப்பா, இதுக்குத் தள்ளி நிண்டு கும்பிட்டால் காணும். தொட்டால் எல்லாம் அசையும்."

"அது எனக்குத் தெரியாதே தம்பி? நான் ஒருக்கால் ஒரு தீவையே அசைச்சனான்."

அவன் சிரிக்கவில்லை. வயது போன மனிசன் ஏதோ அலட்டுது என்று நினைத்திருப்பான். ஆனால் அந்தக் கருவியின் சூட்டு மணமும் என் விரலின் சந்தன மணமும் ஒன்றாக மூக்கில் ஏறினதுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூசையும் அதுவுமாய் என்ன இளிப்பு?" என்று மனிசி உள்ளேயிருந்து கேட்கிற அளவுக்குச் சிரிப்பு. அந்த இரண்டு மணமும் சேர்ந்தால் எனக்கு, முந்தி நான் வேலை செய்த ஊர்காவற்றுறைக் கந்தோர்தான். அவன் கேட்காவிட்டால் போகட்டும். நீங்கள் கேட்பீர்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்புச் சோதனையை இரண்டுதரம் எடுத்தும் இங்கிலீசு என்னை மேலே விடவில்லை. சுருவிலில் எங்கள் வளவுக்குள் வெங்காயமும் மிளகாயும் வைத்துத் தண்ணி இறைத்துக்கொண்டிருந்தவன். நாற்பது வயதுக்குக் கிட்ட, பிள்ளையார் கண் திறந்து, ஒரு கந்தோரில் பியோன் வேலை கிடைத்தது. தீவுகளிலுள்ள கடற்றொழிலாளர் எல்லாரும் சேர்ந்து நடத்தின சின்னக் கந்தோர். முன்னுக்கு வீதி, வீதிக்கு அங்காலே கடல், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் படகுத்துறை. ஒவ்வொரு தீவிலிருந்தும் வருகிற விண்ணப்பத்தையும் முறைப்பாட்டையும் ஒழுங்காக எழுதி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதுதான் அங்கே வேலை. என் பங்குக்குத் தேத்தண்ணி ஊற்றுவது, கடிதத்தோடு ஓடுவது, காலமை சாமிப்படத்துக்குப் பூ வைப்பது. பூ வைக்கிற வேலையை ஒருவரும் எனக்குத் தரவில்லை. நானாக எடுத்துக்கொண்டது.

என்னோடு சேர்த்துக் கந்தோரில் மூன்று பேர். செயலாளர் அந்தோனிப்பிள்ளை ஐயா கத்தோலிக்கர். பரம்பரையாய்க் கடலுக்குப் போன குடும்பம். பெரிய வயிறும் சின்னக் குரலும். நத்தாருக்கு நான் கந்தோரில் மாட்டுக்குடில் கட்டுவேன், சரஸ்வதிக்கு எடுக்கிற வாணி விழாவுக்கு அவர் வாழைக்குலை கொண்டுவருவார். "ஐயா, நீங்கள் இதெல்லாம் சாப்பிடலாமோ?" என்று ஆராவது பகிடிக்குக் கேட்டால், "வருசத்திலை ரெண்டுதரம் பலகாரம் கிடைக்கிற சமயம் என்ரை சமயம்" என்பார். மற்றது ரெஜினா. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, ஆறு மாதம் கம்பியூட்டர் படித்துவிட்டு வந்தவள். எங்கள் இருவருக்கும் எது தெரியாவிட்டாலும் அவளைத்தான் கேட்பது. அவளுக்குத் தெரியாவிட்டால் அந்த அலுவல் நாளைக்கு.

மூன்று பேருக்கு நாலு கம்பியூட்டர் இருந்தது. ஆரோ வெளிநாட்டுக்காரர் தந்தது. நாலையும் ஒரு நீல வயரால் இணைத்திருந்தார்கள். ஒன்றுக்குள் வைத்தது மற்ற மூன்றிலும் தெரியும். முதல் நாள் அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"அங்கை வைச்சது இங்கை என்னெண்டு தங்கச்சி தெரியுது?"

"வயராலை வருது அண்ணை."

"தண்ணி மாதிரியோ?"

அவளுக்கு வேலை கிடந்தது. "ஓம் அண்ணை, அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ" என்றாள்.

அது எனக்குக் காணும். எங்கள் ஊரில் நாலு வீட்டுக்குப் பொதுவான பங்குக் கிணறு உண்டு. ஆர் வாளியால் அள்ளினாலும் ஒரே தண்ணி. இதுவும் பங்குக் கிணறுதான் என்று விளங்கிக்கொண்டேன். பங்குக் கிணற்றில் ஒருவன் செருப்பை விழுத்தினால் நாலு வீடும் பட்டினி என்பதையும் அப்போதே சேர்த்து விளங்கியிருக்க வேணும். விளங்கவில்லை.

அந்தக் கிணற்றுக்குள் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள், தீவுக்கும் ஊருக்கும் ஒன்றாக. அனலைதீவு, எழுவைதீவு, மண்கும்பான், நயினாதீவு, சுருவில் என்று ஒன்றுக்குக் கீழே ஒன்று. பெயர்கள் இங்கிலீசில் கிடக்கும். எழுத்தெழுத்தாய்ப் பார்த்தால் ஒருமாதிரிப் பிடித்துவிடுவேன். எங்கள் சுருவிலுக்கும் ஒரு பெட்டி இருக்கிறது என்று கண்ட அன்று வீட்டுக்குப் போய் மனிசிக்குச் சொன்னேன். "அதுக்குள்ளை எங்கடை வீடும் கிடக்கோ?" என்று அவள் கேட்டாள். அதை அடுத்தநாள் ரெஜினாவைக் கேட்க எனக்கு வெட்கமாயிருந்தது.

சரி, வாணி விழாவுக்கு வருகிறேன்.

அந்த வருசம் எழுவைதீவுச் சனம் ஒரு நோயாளர் படகு கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், எழுவைதீவுக்குப் பாலமில்லை, படகுதான். பயணிகள் படகு தன் நேரத்துக்குத்தான் வரும், போகும். நோய் அந்த நேரம் பார்த்து வராது. வந்தால் ஆருடையதோ ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏற்றி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேணும். விண்ணப்பத்துக்காக ஊரெல்லாம் நடந்து கையெழுத்து வாங்கினவர் சூசை அண்ணை. கறுத்து நெடுத்த மனிசன். எனக்கு வயதில் இளையவர் என்றாலும் கடலிலே என்னைவிட மூத்தவர் என்று நான் அண்ணை என்பேன். அவரும் என்னை அண்ணை என்பார். இரண்டு அண்ணைமாரும் தம்பி இல்லாமல் கதைப்போம்.

அவருக்கு அந்தப் படகு ஏன் வேணும் என்பதைக் கந்தோருக்கு வந்த எல்லாருக்கும் சொல்லியிருப்பார்.

"போன வருசம் என்ரை மனுசிக்கு மத்தியானம் நோக்காடு துவங்கிட்டுது. வள்ளத்திலை வலைக்கு மேலை படுக்க வைச்சுக் கொண்டு வெளிக்கிட்டன். பாதிக் கடலிலை பெட்டை பிறந்திட்டுது. பதியப் போனால் பிறந்த இடம் எதெண்டு கேக்கினம். கடலெண்டு சொன்னன். கடலெண்டு ஒரு இடம் இல்லையாம்!"

சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். பிறகு அவர் சிரிப்பை நிப்பாட்டிவிட்டு, "இப்ப அவ திரும்பவும் மூண்டு மாசம்" என்பார். "இந்த முறை வலைக்கு மேலை படுக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. படகு வராட்டில் பெறவும் மாட்டாவாம்."

அந்த விண்ணப்பம் வாணி விழாவன்று பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் ஈமெயிலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர வேணும். தப்பினால் அடுத்த வருசம்தான். கடிதம், கடல் வரைபடம், ஊர்ச்சனத்தின் கையெழுத்துத் தாள்கள் எல்லாவற்றையும் ரெஜினா மூன்று நாளாய் மெசினில் வைத்துப் படமெடுத்து எழுவைதீவுப் பெட்டிக்குள் சேர்த்திருந்தாள். கடைசித் தாளைச் சூசை அண்ணை அன்று காலமைப் படகில் பொலித்தீன் பையில் சுற்றி, சேட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். காலமை கரண்ட் இல்லை. பதினொரு மணிக்குத்தான் வந்தது. ரெஜினா அந்தத் தாளையும் சேர்த்தாள். அனுப்பப் போனாள். நான் விடவில்லை.

இதிலேதான் என் பிழை துவங்குகிறது. உண்மையைச் சொல்ல வேணும்.

"தங்கச்சி, பூசைக்கு நேரமாச்சு. கும்பிட்டிட்டு அனுப்புவம்."

"அனுப்பிப்போட்டுக் கும்பிடுவமே அண்ணை?"

"சரஸ்வதியின்ரை நாளிலை அவவைக் கேக்காமல் ஒரு விண்ணப்பம் போறதோ? போனாலும் திரும்பி வரும்."

"பூசை முடிஞ்சால் நாளைக்குக் காலமை வரை ஒண்டையும் தொடக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுவியள்?"

அது உண்மை. பூசையில் வைத்த ஏட்டையும் கருவியையும் விசயதசமியன்று எடுக்கும்வரை தொடுவதில்லை. அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். மூன்று கம்பியூட்டருக்குப் பொட்டு வைத்துப் பட்டு மூடுவது. நாலாவதைப் பூசையில் சேர்க்காமல் விடுவது. பங்குக் கிணறுதானே, எந்த வாளியால் அள்ளினால் என்ன? இதைக் கேட்டு ஐயா, "தம்பி, நீர் பியோனாய் இருக்கவேண்டிய ஆளில்லை" என்றார். அதைப் புகழ்ச்சியாய்த்தான் எடுத்துக்கொண்டேன்.

குத்துவிளக்கு ஏற்றி, நிறைகுடம் வைத்து, அவல், கடலை, கற்கண்டு, ஐயாவின் வாழைக்குலை எல்லாம் பரப்பியாயிற்று. சந்தனத்தை இறுக்கமாகத்தான் குழைத்தேன். பன்னீர் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. றப்பர் முத்திரைகளுக்குப் பொட்டு. தாள் துளைக்கிற மெசினுக்குப் பொட்டு. ஐயாவின் மேசைக்கு, கதிரைக்கு, அலுமாரித் திறப்புக்கு. பிறகு ரெஜினாவின் கம்பியூட்டர். அவள் பெட்டிகள் எல்லாம் தெரிகிற மாதிரித் திறந்து விட்டபடி விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போயிருந்தாள். கண்ணாடிக்கு மேலே ஒரு பொட்டு வைத்தேன். எழுத்துக்கள் தட்டுகிற பலகைக்கு ஒன்று. கடைசியாக மவுஸ். நெஞ்சுக்குள் தோத்திரம் சொல்லிக்கொண்டு, பொட்டு நன்றாய்ப் பதியட்டும் என்று இடப்பக்க விசையில் மோதிரவிரலை ஊன்றி அமத்தினேன். தண்ணிச் சந்தனம், விரல் சறுக்கியது. விரலோடு மவுசும் ஒரு இழுவை இழுபட்டது.

நிமிர்ந்து பார்க்கிறேன், கண்ணாடிக்குள் ஒரு மஞ்சள் பெட்டி, மீன் துள்ளுகிற மாதிரி அசைந்து மறைந்தது.

எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருசம் பொட்டு வைக்கிறேன், ஒரு கருவியும் எனக்கு அசைந்து காட்டினதில்லை. தாயார் ஏற்றுக்கொண்டுவிட்டா என்று கண்ணீரோடு கைகூப்பினேன். அன்று நான் பாடின பாட்டு வழக்கத்தைவிட உருக்கமாயிருந்தது என்று ரெஜினாவே சொன்னாள்.

பூசை முடிந்து, கடலை பங்கிட்டு, சூசை அண்ணை இரண்டாந்தரமும் அவல் வாங்கி, எல்லாரும் நல்ல சந்தோசத்தில் இருந்த நேரம் ரெஜினா நாலாவது கம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தாள். பெட்டிகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்.

"ஐயா, எழுவைதீவைக் காணேல்லை."

சூசை அண்ணைக்கு அவல் வாயில். "காலமை நான் வரேக்கை இருந்ததே!" என்றார்.

ஐயா எழும்பிப் போய்ப் பார்த்தார். நானும் பின்னுக்கு நின்று எட்டிப் பார்த்தேன். எல்லாத் தீவும் நிற்கிறது, எழுவைதீவு மட்டும் இல்லை. அது நின்ற இடத்தில் இடைவெளிகூட இல்லை. கீழே நின்றவை ஒரு படி மேலே ஏறி ஒட்டிக்கொண்டு நின்றன, அப்படி ஒரு தீவு எக்காலமும் இருக்கவில்லை என்கிற மாதிரி. ரெஜினா கம்பியூட்டரையே தேடச் சொன்னாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே நின்றது. நேரம் ஒன்றரை. தாள்களைத் திரும்பப் படமெடுக்க மூன்று நாள் வேணும்.

"ஆரும் அழிச்சுப்போட்டினமோ?" என்றார் ஐயா.

"அழிச்சிருந்தால் போச்சு ஐயா. பொதுப் பெட்டியிலை அழிச்சது குப்பைக்கூடைக்கும் வராது."

சூசை அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். அவல் பேப்பரை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "அவவுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று அந்தப் பேப்பரைத்தான் கேட்டார்.

அந்த நேரம் எனக்குத் தெரிந்துவிட்டது. துள்ளின மீன் எதுவென்று தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. நான் தற்காலிகப் பியோன், இன்னும் நிரந்தரமாக்கவில்லை என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிது, தாயார் காட்டின அற்புதம் என்று கண்ணீர் விட்டது என் சந்தனக் கையின் அலங்கோலம் என்று சொல்கிற வெட்கம். பயத்தில் ஒரு வாழைப்பழம் தின்றேன். பிறகு இன்னொன்று. பயந்தால் எனக்குப் பசிக்கும், இன்றைக்கும் அப்படித்தான்.

மற்றவர்கள் அதற்குள் தேடத் தொடங்கியிருந்தார்கள். தேடின விதத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேணும்.

"அனலைதீவுக்குள்ளை பார் பிள்ளை. அதுதான் கிட்ட" என்றார் ஐயா.

பார்த்தாள். இல்லை.

"நீரோட்டம் தெற்காலை இழுக்கிற காலம்" என்றார் சூசை அண்ணை. "நயினாதீவுப் பக்கம் பார் தங்கச்சி."

அங்கேயும் இல்லை. அவர்கள் இருவரும் கடற்காரர். கயிறு அறுந்த வள்ளத்தைத் தேடுகிற மாதிரிக் காற்றையும் நீரையும் பார்த்து, பக்கத்துக் கரை கரையாய்த் தேடிக்கொண்டுபோனார்கள். ரெஜினாவும் பதற்றத்தில் சொன்ன கரைக்கெல்லாம் போனாள். இதற்குள் படகுத்துறையிலிருந்து சூசை அண்ணைக்குப் போன் வந்தது. பின்னேரப் படகுக்காரர். வேளைக்கு வெளிக்கிடப் போகிறேன், வாறீரோ என்று கேட்டிருக்கிறார்.

"கொஞ்சம் பொறு மச்சான். இஞ்சை எழுவைதீவைக் காணேல்லை."

படகுக்காரர் போட்ட சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "உனக்கென்ன விசரே? நான் அதைத்தானே பாத்துக்கொண்டு நிக்கிறன்! பனை வடலி எல்லாம் தெரியுது!"

ஐயா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். சூசை அண்ணை சிரிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. வாழைப்பழத் தோலைக் கையில் பிடித்தபடியே நடுவில் போய் நின்றேன்.

"தங்கச்சி, நான் மவுசுக்குப் பொட்டு வைக்கேக்கை ஒரு மஞ்சள் பெட்டி ஓடினது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் பல்லி சொன்னது.

"ஏன் அப்பவே சொல்லேல்லை அண்ணை?"

"அம்மாள் ஏற்றுக்கொண்டா எண்டு நினைச்சனான்."

ரெஜினாவுக்குக் கோபம் வந்ததை நான் கண்டேன். ஆனால் அது வாயால் வெளியே வரும்போது சிரிப்பாய் வந்துவிட்டது. மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "எந்தப் பக்கம் ஓடினது? எங்கை வைச்சனீங்கள் விரலை? வாங்கோ, வந்து அப்பிடியே செய்து காட்டுங்கோ."

அப்படியே செய்து காட்டுவதென்றால் பட்டு மூடின கம்பியூட்டரைத் திறக்க வேணும். பூசையில் இருக்கிற கருவி. விளக்கு இன்னும் எரிகிறது.

"ஏலாது தங்கச்சி. வேறை ஏதும் சொல்லும், செய்யிறன். பூசையைக் குழப்ப ஏலாது."

ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாயிருந்தது. சூசை அண்ணை தன் சமயமில்லாத விசயத்தில் வாய் வைக்கக்கூடாதென்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஐயாதான் அந்தச் சின்னக் குரலில் சொன்னார்.

"தம்பி, உங்கடை அம்மாவைப் பற்றி எனக்குக் கனக்கத் தெரியாது. ஆனால் அவவும் ஒரு பொம்பிளை. வலைக்கு மேலை படுத்துப் பெறுறது என்னெண்டு அவவுக்கு நீர் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு பட்டை நீக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு நோகச் சிரிப்பேன். மவுசில் விரலை ஊன்றி இழுத்தேன். நயினாதீவு போய் மண்கும்பானுக்குள் புகுந்தது. ரெஜினா ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். "இப்பிடி இல்லை, இன்னும் மெல்ல." மெல்ல இழுத்தேன். எங்கள் சுருவில் புங்குடுதீவுக்குள் போய்விட்டது. "ஐயோ, என்ரை வீடு!" என்று கத்திவிட்டேன். மூன்றாந்தரம் வேலணை எங்கே போனதென்று ஒருவரும் காணவில்லை.

"நிப்பாட்டும் தம்பி, நிப்பாட்டும்!" என்றார் ஐயா. "இப்பிடியே விட்டால் பின்னேரத்துக்கு இலங்கை முழுக்க ஒரு பெட்டிக்குள்ளை போயிடும்!"

இப்போது பெறாமகன் சொல்கிறான், இரண்டு விசையைச் சேர்த்து அமத்தியிருந்தால் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிருக்குமாம். அது அன்றைக்கு எங்களுக்கு ஆர் சொன்னது? ரெஜினாவின் ஆறு மாதப் படிப்பில் அந்தப் பாடம் நடந்த அன்று ஊரடங்கோ, காய்ச்சலோ, ஏதோ ஒன்று.

ரெஜினா என் கையைக் கவனமாய்ப் பார்த்தாள். "அண்ணை, விரல் காய்ஞ்சு கிடக்கு. காலமை சந்தனம் இருந்ததெல்லே? சந்தனத்தைத் தொடுங்கோ. பாட்டையும் பாடுங்கோ."

கண்ணாடிக்குள் ஓடுகிற அம்புக்குறியை அவள் எழுவைதீவு முந்தி நின்ற இடத்துக்குக் கொண்டுவந்து விட்டாள், நான் சந்தனத்தைத் தொட்டேன். முதலில் பொட்டு வைத்த இடத்திலேயே, அந்தப் பழைய மஞ்சள் வட்டத்துக்கு மேலேயே வைத்தேன். தோத்திரத்தைத் தொடங்கினேன். கண் தானாய் மூடிக்கொண்டது. அமத்தினேன், விரல் சறுக்கியது, மேலே ஒரு நக அளவு.

"நில்லுங்கோ!" என்றாள் ரெஜினா.

எழுவைதீவு இல்லாமற் போனபின் அந்த இடத்துக்கு ஏறியிருந்தது ஊர்காவற்றுறை. இப்போது அதையும் காணவில்லை. ஒரு நக அளவு மேலே நின்றது நெடுந்தீவு. ஒல்லாந்துக்காரர் அதற்கு டெல்ஃப்ட் என்று பெயர் வைத்ததால் பட்டியலில் எழுவைதீவுக்கு நேர் மேலே போய் இருந்தது. கடலில் இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! கம்பியூட்டருக்குள் அடுத்தடுத்த வளவு, வேலிகூட இல்லை. ரெஜினா நெடுந்தீவைத் திறந்தாள். உள்ளே அந்தத் தீவில் கட்டாக்காலியாய்த் திரிகிற குதிரைகளின் படங்கள். குதிரைகளுக்கு நடுவில் ஊர்காவற்றுறை. அதற்குப் பக்கத்தில், நல்ல பிள்ளைமாதிரி, எழுவைதீவு.

சூசை அண்ணை கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"நெடுந்தீவுக்கோ?" என்றார். "எஞ்சின் வள்ளத்திலை போனாலும் முதுகு முறியும். ஒரு பொட்டிலை கொண்டுபோய் விட்டிட்டியளே அண்ணை!"

அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார். அவர் சிரித்ததைக் கண்டு நாங்கள் சிரித்தோம். ரெஜினா அனுப்புகிற விசையை அமத்தினாள். அந்தக் காலத்து லைன், ஒரு பச்சைக் கோடு எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. மூன்று மணி. படகுக்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார். சூசை அண்ணை அசையவில்லை. "போறதைக் கண்ணாலை கண்டிட்டுத்தான் போவன். படகு போனால் நீந்திப் போவன்" என்றார். ஐயா செபமாலையை எடுத்தார். நான் விளக்குக்கு முன்னால் நின்று, தெரிந்த தோத்திரம் முடிந்து, பள்ளிக்கூடத்தில் படித்த காலைப் பாட்டையும் பாடினேன். கோடு பாதியில் நின்றது. நான் பாட்டைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். திரும்ப ஊர்ந்தது. மூன்றேகாலுக்கு ரெஜினா இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"போயிட்டுது!"

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கையில் இருந்த சந்தனத்தைச் சூசை அண்ணையின் நெற்றியில் அப்பிவிட்டேன். அவர் அதைத் துடைக்காமல், கழுத்தில் சிலுவையும் நெற்றியில் பொட்டுமாய் வீதியைக் கடந்து ஓடினார். படகு கரையை விட்டு ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த தூரம், போய்விட்டது. பாய்ந்து ஏறினார். ஏறி நின்று, துறையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக் கத்தினார். "ஐயா! நான் போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன், இருக்கோ எண்டு!"

ரெஜினாவுக்கு அன்றைய மிச்சப் பொழுது தீவுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற வேலை. நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். என் சுருவிலைப் புங்குடுதீவிலிருந்து மீட்டெடுத்தபோது, "இந்தாங்கோ அண்ணை, உங்கடை வீடு" என்றாள். அதற்கடுத்த வருசம் பூசைக்கு முன் நாலு கம்பியூட்டரையும் அவள் நிப்பாட்டி, வயரையும் கழற்றி, சாட்சிக்கு ஐயாவையும் கூப்பிட்டுக் காட்டின பிறகுதான் என்னிடம் சந்தனக் கிண்ணத்தைத் தந்தாள்.

படகு பங்குனிக் கடைசியில் வந்தது. வெள்ளை நிறம், நடுவில் படுக்கை, மேலே கூரை. சூசை அண்ணையின் மனுசிக்கு ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த நாள் தாண்டி ஒரு கிழமை ஆகியிருந்தது. படகு வந்து மூன்றாம் நாள்தான் அவவுக்கு நோக்காடு வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிப்போட்டா என்று ஐயா கந்தோர் முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். ஆண்பிள்ளை, பிறந்த இடம் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி. எழுதுவதற்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

கந்தோர் பிறகு கனகாலம் நிற்கவில்லை. வேலையெல்லாம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. கம்பியூட்டர்களை ஏற்ற லொறி வந்த அன்று நான் அந்தப் பொடியனைக் கேட்டேன், தம்பி, உதுக்குள்ளை தீவுகள் கிடக்கும், கவனமாய் இறக்கும் என்று. அவன் விளங்காமல் தலையாட்டினான். அந்தோனிப்பிள்ளை ஐயா இப்போது ஆண்டவரோடு. ரெஜினா பிரான்சில், இரண்டு பிள்ளைகள். நத்தாருக்கு நாலு சொல் எழுதி அனுப்புவாள். அந்த நீல வயர், அந்தப் பங்குக் கிணறு, வரிசையில் நின்ற மஞ்சள் பெட்டிகள் ஒன்றும் இப்போது இல்லை. அவரவர் தீவு அவரவர் கைபேசிக்குள்.

போன மாதம் பல்லுக்குக் காட்ட ஊர்காவற்றுறைக்குப் போனேன். வைத்தியர் வரச் சுணங்குமென்று துறையடியில் போய் நின்றேன். எழுவைதீவிலிருந்து நோயாளர் படகு வந்தது. பழைய வெள்ளைப் படகு இல்லை, இது புதிது. உள்ளே ஒரு இளம் பிள்ளைத்தாய்ச்சி, பக்கத்தில் தாயும் ஒரு பையும். அந்தப் பிள்ளை நல்ல வசதியாய்ச் சாய்ந்து இருந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வந்தாள். படகு கரையில் முட்டியது. இறக்கிவிட ஒருவர் கையை நீட்டினார். "பொறுங்கோ அண்ணை" என்று சொல்லி, மிச்சக் கச்சானை வாயில் போட்டு, கோதைக் கடலில் தட்டிவிட்டு, தாய் அதற்குப் பேசப் பேச, ஆறுதலாய் எழும்பினாள்.

முந்தி அந்தத் துறைக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு வள்ளம் வருகுதென்றால், அது கரையைத் தொட முன்னமே சனம் தண்ணிக்குள் இறங்கிவிடும். கதிரை கொண்டு ஓடுகிறவர், சீலை பிடிக்கிறவர், அழுகிறவர், நேர்த்தி வைக்கிறவர். அன்றைக்குத் துறையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். இருவர் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை அவர்களுக்கு நடுவால் மெல்ல நடந்து ஆஸ்பத்திரி வீதிக்கு ஏறினாள். ஒருவரும் ஓடவில்லை.